பீக்கிங் அரண்மனையும் காலிக் கல்வெட்டும்

கொழும்பு நூதனசாலையிலே, பார்ப்போர் பலர் ஒரு கணம் நின்று நோக்கிவிட்டு அப்பாற் சென்றுவிடும் கல் ஒன்று உண்டு. நான்கடி ஒன்பதங்குல உயரமும் இரண்டரை அடி அகலமும் உடையது அது. அதன் தலைப்பாகத்தில் இரண்டு பறவைநாகங்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கின்றன. அவற்றின் கீழே வலப்புறத்திற் சீன மொழியும், இடப்புறத்தில் மேலே தமிழும் கீழே பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. 1911ஆம் ஆண்டிலே காலி நகரில், வீதியோரத்து மதகு ஒன்றின் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்த நிலையில் இது கண்டெடுக்கப்பட்டது. எத்தனை ஆண்டுகள் வண்டியும் மாடும் மனிதரும் அதன் முதுகை மிதித்துச் சென்றனரோ, யாரறிவார்!

அந்தக் கல் கூறுவது யாது? சீனப் பேரரசர் யுங்லோ, தம் தூதர் செங் ஹோவின் வாயிலாக இலங்கைத் தெய்வங்களுக்கு அனுப்பிய காணிக்கைகளின் பட்டியலே அது. சீன மொழிப் பகுதி புத்த பெருமானுக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் உரியவை. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய், தூபக்கால், விளக்கு என்பன மூவர்க்கும் ஏறக்குறைய ஒரே அளவாக வழங்கப்பட்டுள்ளன. கல்லிலே காணும் காலம் யுங்லோவின் ஏழாம் ஆட்சியாண்டு, அது கி. பி. 1409ஆம் ஆண்டாகும்.

அதே ஆண்டிலே, அதே பேரரசரின் ஆணைப்படி, வடக்கே பீக்கிங் நகரில் வேறொரு பெரும்பணியும் நடந்துகொண்டிருந்தது. 1406இற் கட்டளை பிறந்து 1420இல் நிறைவெய்திய அப்பணியே, உலகம் இன்று 'விலக்கப்பட்ட நகரம்' என அழைக்கும் மாபெரும் அரண்மனை. எமது தமிழைத் தம் கல்லிலே பொறிப்பித்த மன்னர் எத்தகைய மாளிகையில் வாழ விரும்பினார் என்று காணும் அவா எமக்கு நெடுநாளாக இருந்தது. ஓர் இலையுதிர் காலத்திலே அது நிறைவேறியது. அங்கு நாம் கண்டவற்றையும், கண்டு சிந்தித்தவற்றையும் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளுதல் எமது கடனாகும்.

கட்டியவரின் கதை

அரண்மனையைக் காணுமுன் அதனைக் கட்டியவரை அறிதல் நன்று. யுங்லோ மிங் வம்சத்தின் மூன்றாம் பேரரசர். அவர் அரியணைக்கு நேர்வழியாக வந்தவர் அல்லர். பாட்டனாருக்குப் பின் முடிசூடிய அண்ணன் மகனோடு போர் செய்து, 1402இலே தென்தலைநகராகிய நான்கிங்கைக் கைப்பற்றி ஆட்சியை எடுத்துக்கொண்டவர். அரண்மனை எரிந்தது, இளம் பேரரசர் மறைந்தார். புதிய ஆட்சியை முறையானதென்று அறிவிக்கும் ஆணையை எழுதித் தரும்படி பாங் சியாவோரு என்னும் பேரறிஞர் கேட்கப்பட்டார். அவர் எழுத மறுத்தார். அவரும் அவர் சுற்றத்தாரும் கொல்லப்பட்டனர்.

வாளினால் வந்த அரசுரிமையை ஊரும் உலகும் ஒப்புக்கொள்ளச் செய்தல் வேண்டும் என்ற எண்ணம் அவருடைய பெரும்பணிகள் பலவற்றினூடே தெரிகின்றது. 1405 தொடங்கிச் செங் ஹோவின் தலைமையிற் பெருங் கப்பற் படைகள் தென்கடலுக்கும் இந்து சமுத்திரத்துக்கும் சென்றன. 1433 வரை ஏழு முறை அவை புறப்பட்டன. தெற்கு வடக்காக ஓடும் பெருங்கால்வாய் செப்பனிடப்பட்டது. தென்னாட்டு நெல் வடக்கே வந்து சேர்ந்தது. தாம் இளவரசராக இருந்து ஆண்ட பீக்கிங் நகரைத் தலைநகராக்கத் துணிந்து, அங்கே இந்த அரண்மனையை எழுப்பினார்.

ஓரிலட்சம் கைவினைஞரும் பத்திலட்சம் வரையிலான கூலியாட்களும் இப்பணியில் உழைத்தனர் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. தென்மேற்கு மலைக்காடுகளில் வெட்டிய நன்மு என்னும் உயர்சாதி மரங்கள் ஆறுகள் வழியே மிதந்து வந்தன. தளத்துக்குரிய கற்கள் சூசோ நகரச் சூளைகளிற் சுடப்பட்டன. தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் அவற்றைப் 'பொற்செங்கல்' என்பர். மரத்தை வெட்டியவன் பெயரும், செங்கல்லைச் சுட்டவன் பெயரும் எம்மிற் பலருக்குத் தெரியா. அரசரின் பெயர் மட்டும் நிலைத்தது.

வாயிலும் முற்றமும்

அரண்மனைக்குள் நுழைய விரும்புவோர் முன்கூட்டியே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அயல்நாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டுதல் வேண்டும். திங்கட்கிழமைகளிற் பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். தென்வாயிலால் நுழைதல் வேண்டும் என்பது விதி. 1420 முதல் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகக் குடிமக்கள் எட்டியும் பார்க்க முடியாதிருந்த அம்மதிலை நோக்கி, நாம் சென்ற காலை வேளையிலே பெருங்கூட்டம் ஒன்று சென்றுகொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டில் மட்டும் இங்கு வந்தோர் தொகை ஒரு கோடியே தொண்ணூறு இலட்சத்தைக் கடந்தது என்பர்.

சீன மொழியில் இதன் பழம் பெயரை 'ஊதா விலக்கு நகரம்' எனப் பெயர்க்கலாம். சுவர்கள் செந்நிறம், ஓடுகள் மஞ்சள் நிறம். ஊதா எங்கிருந்து வந்தது? துருவ நட்சத்திரத்தைச் சூழ்ந்த விண்மண்டலத்தைச் சீனர் ஊதா மண்டலம் என்றனர். விண்ணிலே அனைத்தும் துருவத்தைச் சுற்றுவதுபோல மண்ணிலே அனைத்தும் பேரரசனைச் சுற்ற வேண்டும் என்பது கருத்து. துருவனின் கதையைக் கேட்டு வளர்ந்த எமக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றவில்லை. ஆனால் துருவன் தவத்தினால் அப்பதவியைப் பெற்றான் என்பதே நாம் கேட்ட கதை.

அரண்மனையின் நிலப்பரப்பு ஏறக்குறைய 178 ஏக்கர். வடக்குத் தெற்காக 961 மீற்றர்; கிழக்கு மேற்காக 753 மீற்றர். சுற்றிலும் உயர்ந்த மதிலும், 52 மீற்றர் அகலமுள்ள அகழியும் உண்டு. 9,999 அறைகளும் ஓர் அரை அறையும் உள்ளன என்பது மக்கள் வழக்கு. விண்ணுலக வேந்தனின் மாளிகையில் 10,000 அறைகள் உள்ளமையால் மண்ணுலக வேந்தன் அரை அறை குறைத்துக்கொண்டானாம்! எண்ணிப் பார்த்தோர் 8,700 அளவிற் கண்டுள்ளனர். பணிவைக்கூட ஆடம்பரமாகக் காட்டிய கதை என்று நகைத்துக்கொண்டோம்.

தென்வாயிலுக்குப் பல கதவுகள் உண்டு. நடுக்கதவாற் செல்லும் உரிமை பேரரசருக்கே உரியது. அரசி தன் மணநாளில் ஒரே ஒருமுறை அதனால் நுழையலாம். இவர்களன்றி வேறு மூவருக்கும் அப்பேறு கிட்டியது. அரண்மனைப் பரீட்சையில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற மாணவரே அம்மூவர். பரீட்சை முடிவு அறிவிக்கப்பட்ட நாளில் அவர்கள் அக்கதவினூடே வெளியேறுவர். அமைச்சரும் தளபதியரும் பக்கக் கதவால் நடக்க, குடிசையிற் பிறந்த ஒருவன் கல்வியால் நடுக்கதவால் நடந்தான் என்பதை எமது வாலிபர் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இப்பரீட்சை 1904இல் இறுதியாக நடந்தது. அடுத்த ஆண்டு பரீட்சை முறையே ஒழிக்கப்பட்டது.

வாயிலைக் கடந்தால் வில்போல் வளைந்தோடும் ஒரு நீரோடையும், அதன்மேல் ஐந்து வெண்கற் பாலங்களும் காணப்படும். அப்பால் இன்னொரு வாயில். அதனையும் கடந்தபோது எம் கண்முன் விரிந்த முற்றத்தைக் கண்டு சில கணம் பேச்சற்று நின்றோம். ஒரு மரமில்லை, ஒரு செடியில்லை. வெறுங் கல்தளம். அதன் அந்தத்தில் மூன்றடுக்கு வெண்கல் மேடை. மேடைமீது 'பேரிசைவு மண்டபம்'. நிழலுக்கும் இடமற்ற அம்முற்றத்தில் மனிதன் எவ்வளவு சிறியவன் என்பதை உணரச் செய்வதே அமைப்பின் நோக்கம். எமது கோயிற் பிராகாரங்களும் நம்மைச் சிறியராக உணரச் செய்கின்றன. ஆனால் அங்கே கருவறையை நோக்கிச் செல்லச் செல்ல இடம் குறுகி அண்மை பெருகுகின்றது. இங்கோ அரியணையை நோக்கிச் செல்லச் செல்லத் தூரமே பெருகுவதுபோல் இருந்தது.

மேடையின் ஓரங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பறவைநாகத் தலைகள் 1,142. அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல அவை. மழை பெய்யும்போது மேடை நீரெல்லாம் அவற்றின் வாய் வழியே வடிந்துவிடும். மண்டபத்தைத் தாங்குவன 72 தூண்கள். கூரைச் சுமையைத் தூண்களில் இறக்கும் மரப்பொருத்துகள் ஆணியின்றி ஒன்றனுள் ஒன்று கோத்தவை. எமது கற்றூண்களின் போதிகைகளை அவை நினைப்பூட்டின. உள்ளே நுழைய அனுமதி இல்லை. கதவண்டை நின்று, அரையிருளில் மின்னும் அரியணையைத் தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்க்கவே முடியும். எமக்கு முன்னே ஒரு சீன முதியவர் தம் பேரனைத் தோளில் ஏற்றிவைத்துக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தக் குழந்தையின் பாட்டனாருடைய பாட்டனார் இவ்விடத்தில் எட்டிப் பார்த்திருப்பின் அவர் நிலை என்னவாகியிருக்கும்?

இம்மண்டபத்தை யுங்லோ நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1421ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் புதிய தலைநகரில் விழா நடந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இடி விழுந்து, மூன்று பெருமண்டபங்களும் எரிந்து சாம்பராயின. விண்ணின் சினம் இதுவென அஞ்சிய பேரரசர், தம் ஆட்சியின் குறைகளைக் கூறும்படி அதிகாரிகளைக் கேட்டார். கூறினர். தலைநகரை மாற்றியது பிழையென்று எழுதிய ஒருவர் அதற்காக உயிரிழந்தார். குறை கூறென்று கேட்பதும், கூறியவனைக் கொல்வதும் ஒரே நாவிலிருந்து பிறந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அம்மண்டபங்கள் மீளக் கட்டப்படவில்லை. நாம் இன்று காணும் பேரிசைவு மண்டபம் சிங் வம்சத்துக் காங்சிப் பேரரசர் காலத்தில், 1690களில், மீண்டும் எழுந்ததாகும்.

பனியில் வந்த பாறை

மூன்றாம் மண்டபத்தின் பின்புறப் படிகளுக்கு நடுவே ஒரே கல்லிற் செதுக்கிய சாய்தளம் ஒன்று உண்டு. நீளம் 16 மீற்றருக்கு மேல். அகலம் 3 மீற்றர். நிறை 200 தொன்னுக்கும் அதிகம். முகிலும் அலையும் மலையும் ஒன்பது பறவைநாகங்களும் அதிற் செதுக்கப்பட்டுள்ளன. காலிக் கல்லின் தலைப்பிற் கண்ட அதே பறவைநாகங்கள்! அனுராதபுரத்தில் ஒரு புத்தர் சிலையின் அருகே சீன வெண்பட்டு விசிறி காணிக்கையாகக் கிடப்பதைக் கண்டு, ஐந்தாம் நூற்றாண்டின் சீன யாத்திரிகர் பாஹியன் தாய்நாட்டை நினைந்து கண்ணீர் சிந்தினார் என்று அவர் குறிப்புக் கூறுகின்றது. ஆயிரத்தறுநூறு ஆண்டுகளின் பின், கடலுக்கு அக்கரையில், அவ்வண்ணமே எம்மூர்க் கல்லை நினைந்து நாம் நின்றோம்.

இத்துணைப் பெரும் பாறையை 70 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மலையிலிருந்து எவ்வாறு கொண்டுவந்தனர்? சீனர் சக்கரத்தை அறியாதவர் அல்லர். ஆயினும் அக்காலச் சக்கரங்கள் இச்சுமையைத் தாங்கா. ஆதலின் கடுங்குளிர் காலத்தைத் தேர்ந்தனர். வழிநெடுகக் கிணறுகளைத் தோண்டினர். தண்ணீரை இறைத்து வீதியில் ஊற்ற, அது உறைந்து பனிக்கட்டித் தடமாயிற்று. அதன்மேல் மரச்சறுக்கு வண்டியில் பாறையை ஏற்றி, மனிதர் கூட்டமாகக் கயிறு பூட்டி இழுத்தனர். 1557ஆம் ஆண்டில் ஏறக்குறைய 123 தொன் நிறையுள்ள வேறொரு கல்லை இவ்வாறு கொண்டுவந்து சேர்க்க 28 நாள் சென்றதாக ஓர் ஆவணம் கூறுகின்றது. உறைந்த தடத்தின்மேல் நீரை ஊற்றி ஈரமாக்கினால் உராய்வு மேலும் குறையும் என்பதையும், அவ்வாறு செய்தால் ஐம்பது பேர்வரை போதும் என்பதையும் 2013இல் ஆய்வாளர் கணித்துக் காட்டினர். யாரோ ஒரு பெயரற்ற தொழிலாளி குளிரையே கருவியாக்கிக்கொண்டான். அரியணையைப் பார்த்து வியந்ததிலும் அக்கல்லைப் பார்த்து நாம் வியந்ததே மிகுதி.

உள்ளரண்மனை

மூன்று பெருமண்டபங்களும் அரசாங்கச் சடங்குகளுக்குரியவை. அவற்றுக்கு வடக்கே அரச குடும்பம் வாழ்ந்த உள்ளரண்மனை தொடங்குகின்றது. இங்குள்ள 'விண்தூய்மை மாளிகை'யின் அரியணைக்கு மேலே ஒரு பெயர்ப்பலகை தொங்குகின்றது. யுங்செங் பேரரசர் காலந்தொட்டு, அடுத்த அரசனாக வேண்டிய மைந்தனின் பெயரை எழுதி ஒரு பெட்டியிலிட்டு அப்பலகையின் பின்னே வைப்பது வழக்கமாயிற்று. அரசர் இறந்த பின்னரே அது திறக்கப்படும். உடன்பிறந்தார் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளாதிருக்கக் கண்ட உபாயம் இது. பலகையில் எழுதியிருப்பதோ நேர்மையும் ஒளியும் பற்றிய நான்கு எழுத்துக்கள். ஒளியைப் புகழும் பலகைக்குப் பின்னால் அரசின் பெரும் இரகசியம் ஒளிந்திருந்தது.

மிங் வம்சத்தார் பதினால்வர், சிங் வம்சத்தார் பதின்மர், ஆக 24 பேரரசர் இங்கிருந்து ஆண்டனர். உயர்ந்த மதில் அவர்களைக் காத்ததா? 1644இல் விவசாயக் கிளர்ச்சிப் படை நகருட் புகுந்தபோது, மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் வடவாயிலுக்கு எதிரே உள்ள குன்றுக்குச் சென்று தூக்கிட்டு மாண்டார். அந்தக் குன்று அகழி தோண்டிய மண்ணாற் குவித்தது என்பது நினைக்கத் தக்கது. காவலுக்காகத் தோண்டிய மண்ணே கடைசியில் மரண மேடையாயிற்று. 1900இல் எட்டு நாட்டுப் படைகள் பீக்கிங்குட் புகுந்தபோது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அதிகாரம் செலுத்திய சூஷி மகாராணி சாதாரண உடையணிந்து நகரைவிட்டு ஓடினார். அந்நியப் படைகள் இம்முற்றங்களில் அணிவகுத்து நடந்தன. பிரித்தானியர் கொணர்ந்த படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். அடிமைப்பட்ட நாட்டவரே இன்னொரு நாட்டை மிதிக்க அழைத்துச் செல்லப்பட்டமை அக்காலத்தின் அவலம்.

நூலும் நெருப்பும்

மரத்தாலான இந்நகரின் மாறாப் பகை நெருப்பு. முற்றந்தோறும் பெரும் வெண்கலத் தொட்டிகளையும் இரும்புத் தொட்டிகளையும் நீர் நிரப்பி வைத்திருந்தனர். குளிர்காலத்தில் நீர் உறையாதிருக்க அடியிலே கரி மூட்டினர். பெரும்பாலும் மஞ்சள் ஓடு வேய்ந்த இவ்வரண்மனையில், நூலகம் கருநிற ஓடு உடையது. கருமை நீருக்குரிய நிறமாதலின் அது நூல்களைத் தீயினின்றும் காக்கும் என நம்பினர்.

சியன்லுங் பேரரசர் 1770களில் நாட்டிலுள்ள நூல்களையெல்லாம் திரட்டி, 'நான்கு களஞ்சியங்கள்' என்னும் மாபெரும் தொகுதியை உருவாக்குவித்தார். ஒரு பிரதியில் ஏறக்குறைய 36,000 ஏடுகள். அச்சிடாமற் கையாலேயே எழுதிய ஏழு பிரதிகள் ஏழு இடங்களில் வைக்கப்பட்டன. பின்வந்த போர்களில் மூன்று பிரதிகள் அழிந்தன. 1860இல் ஆங்கிலேயரும் பிரான்சியரும் கோடைமாளிகையை எரித்தபோது அங்கிருந்த பிரதி சாம்பராயிற்று. எனினும் ஏழு இருந்தமையால் எஞ்சியவை உள. அரண்மனைப் பிரதி இன்று தைப்பேயில் இருக்கின்றது.

இதன் மறுபக்கத்தையும் கூறாதுவிடின் சரித்திரம் குறையுடையதாகும். நூல்களைத் திரட்டிய அதே பேரரசர், தம் வம்சத்தை இகழ்வனவாகக் கருதிய நூல்களைத் தேடிப்பிடித்து எரிக்கவும் செய்தார். திரட்டிய கையே தீயும் வைத்தது. இதனைக் கேட்டபோது எமது நெஞ்சம் எங்கே சென்றிருக்கும் என்று அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும், அவற்றோடு ஒரே பிரதியாக இருந்த ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அந்தச் சுவடிகளுக்கு வேறோர் ஊரில் இரண்டாம் பிரதி இருக்கவில்லை. கருநிற ஓடு நூலைக் காப்பதில்லை. பிரதி செய்து பல இடங்களிற் பரப்பிவைத்த உழைப்பே காக்கின்றது.

கதவு திறந்தமை

1911இலே சீனாவிற் புரட்சி எழுந்தது. காலிக் கல் மதகிலிருந்து வெளிவந்ததும் அதே ஆண்டுதான். 1912 பெப்ரவரி 12ஆம் திகதி, ஆறு வயதுப் பேரரசர் பூ யியின் பெயரால் முடிதுறப்பு ஆணை வெளியாயிற்று. ஆயினும் உள்ளரண்மனையில் வாழச் சிறுவருக்கு இடங்கொடுத்தனர். நாட்டில் முடியாட்சி இல்லை. மதிலுக்குள்ளே மட்டும் பழைய அரசவை நடந்துகொண்டிருந்தது. இளைஞரான பின் அவர் துவிச்சக்கரவண்டி ஓட்ட விரும்பி, பல வாயில்களின் உயர்ந்த நிலைப்படிகளை அறுத்தெடுக்கச் செய்தார். முன்னோர் எவரும் தொடத் துணியாத படிகளை ஒரு வாலிபனின் விளையாட்டு அறுத்தது. 1924 நவம்பரில் அவர் வெளியேற்றப்பட்டார். பின்னர் யப்பானியரின் கைப்பாவை அரசராகி, சிறைப்பட்டு, மன்னிக்கப்பட்டு, 1967இலே சாதாரணப் பிரசையாக இறந்தார்.

1925 அக்டோபர் 10ஆம் திகதி அரண்மனை நூதனசாலையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளில் யப்பானியப் படையெடுப்பு அச்சம் சூழ்ந்தது. 1933இலே அரும்பொருள்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தெற்கே அனுப்பப்பட்டன. ஏனைய நிறுவனங்களின் பொருள்களோடு சேர்ந்து 19,557 பெட்டிகள். 1937இற் போர் மூண்டபோது அவை நான்கிங்கிலிருந்து மேற்கு மலைநாட்டுக்கு மூன்று வழிகளாகச் சென்றன. புகைவண்டியிலும் கப்பலிலும் பார வண்டியிலும் ஏறி, குகைகளிலும் கோயில்களிலும் ஊர்மடங்களிலும் தங்கின. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், சம்பளமும் உணவும் அரிதான நிலையில், நூதனசாலை ஊழியர் அப்பெட்டிகளை விட்டு நீங்கவில்லை. பின்னர் உள்நாட்டுப் போரினால் 2,972 பெட்டிகள் தைவான் சென்றன. ஒரு வீட்டின் செல்வம் இரு வீட்டில் நின்றது. எனினும் பொருள் அழியவில்லை. இன்று பீக்கிங்கில் மட்டும் பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் உள. 1987இல் ஐக்கிய நாடுகளின் கல்வி விஞ்ஞான கலாசார நிறுவனம் இவ்வரண்மனையை உலக மரபுரிமையாக ஏற்றது.

அரண்மனையைக் கட்டிய பேரரசரை விட, அப்பெட்டிகளோடு மலையேறிய ஊழியரே அதற்கு உண்மையான உரிமையாளர் என்று எமக்குத் தோன்றியது. ஒரு பொருளைப் பெற்றவன் அன்று, காத்தவனே அதற்கு உடையவன்.

மீண்டும் கல்லின் முன்

வடவாயிலால் வெளியேறிக் குன்றின்மேல் ஏறி நின்று நோக்கினோம். மாலை வெயிலில் மஞ்சட் கூரைகள் அலை அலையாகத் தெரிந்தன. பேரிசைவு, நடுவிசைவு, இசைவைக் காத்தல் என்று மூன்று மண்டபங்களுக்கும் இசைவையே பெயராக வைத்தனர். பெயரில் இசைவு இருந்தது. ஆட்சியில் அது எந்நாளும் இருந்தது என்று சரித்திரம் கூறவில்லை.

அவ்வாறே காலிக் கல்லையும் நாம் கண்ணைத் திறந்து வாசித்தல் வேண்டும். மூன்று சமயங்களையும் சமமாக மதித்த அக்கல் போற்றத் தக்கது. ஆனால் அதனைக் கொணர்ந்த கப்பற் படையே 1411இல் இலங்கையிற் போர் செய்து, அழகக்கோனார் மரபினராகக் கூறப்படும் ஆட்சியாளரைச் சிறைப்பிடித்துச் சீனா கொண்டுசென்றது. பின்னர் யுங்லோ அவரை விடுவித்தார். காணிக்கை ஒரு கையிலும் படைக்கலம் மறு கையிலுமாக வந்தவர்களை வெறும் அன்பின் தூதராகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் ஒன்று தெளிவு. இத்தீவின் துறைமுகத்திலே தம் சொல் நிலைக்க வேண்டுமாயின், பௌத்தரையும் சைவ வைணவரையும் இஸ்லாமியரையும் ஒருங்கே மதித்தாக வேண்டும் என்பதைக் கடல் கடந்து வந்த அந்நியன் அறிந்திருந்தான். தமிழ் இங்கே வணிகத்துக்கும் வழிபாட்டுக்கும் உரிய மொழி என்பதையும் அறிந்திருந்தான். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அவன் அறிந்ததை, இத்தீவிற் பிறந்த நாம் எத்தனை முறை மறந்தோம்!

தென்னாவரை நாயனார் எழுந்தருளியிருந்த திருக்கோயில் தெவிநுவரையிலே கடலோரத்தில் ஓங்கி நின்றது. அங்குறைந்த பெருமானைத் திருமாலின் வடிவாகக் கொள்வர் அறிஞர். 1344இல் இத்தீவுக்கு வந்த இபின் பதூதா அக்கோயிலின் பெருஞ் சிறப்பை எழுதிவைத்தார். 1588இற் போர்த்துக்கேயர் அதனை இடித்து அழித்தனர். பொன்னும் வெள்ளியும் பட்டும் விளக்கும் போயின. எஞ்சியது, மதகின்மேற் குப்புறக் கிடந்த ஒரு பட்டியல்.

இதேபோன்று கடலுக்கு அப்பாலும் எமது சுவடு ஒன்று உண்டு. சீனத் துறைமுகமாகிய சுவான்சோவில், குப்லாய்கான் காலத்தில், 1281ஆம் ஆண்டுச் சித்திரையில், தமிழ் வணிகர் சிவபெருமானை எழுந்தருளச் செய்தமையைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்துள்ளது. கோயில் இன்றில்லை, கல் பேசுகின்றது.

சங்கத்து இளைஞர்களே, பெரும் அரண்மனையைப் பார்த்து வந்தோர் அதன் பெருமையை மட்டும் சொல்லி முடிப்பது வழக்கம். எமக்கோ வேறொரு கடமை நினைவில் நிற்கின்றது. நமது ஊர்க் கோயில்களில் வாசிக்கப்படாத கல்வெட்டுக்கள் எத்தனை? படிக்கல்லாகவும் துவைகல்லாகவும் கிடப்பவை எத்தனை? மச்சின்மேல் செல்லரிக்கும் ஏடுகள் எத்தனை? திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பும் வர்ணமும் பூசி மறைத்த எழுத்துக்கள் எத்தனை? இவற்றைத் தேடிப் படமெடுத்து, வாசித்து, ஒரு பிரதி இங்கும் ஒரு பிரதி வேறிடத்திலுமாக வைத்தல் பெரும்பொருள் வேண்டும் வேலை அன்று. விடுமுறை நாளிற் சிலர் ஒன்றுகூடினாற் போதும். பெரியோர்களே, ஏடு எந்த வீட்டில் இருக்கின்றது, கல் எந்த வயலில் கிடக்கின்றது என்பதை அறிந்தவர் தாங்களே. தாங்கள் இருக்கும்போதே அதனை இளைஞர்க்குக் காட்டிவிடுதல் வேண்டும்.

பீக்கிங்குக்குச் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. கொழும்புக்குச் செல்வோர் நூதனசாலையில் அக்கல்லின்முன் சிறிது நேரம் நிற்கலாம். அதிலுள்ள தமிழைக் கண்ணாற் கண்டு திரும்பலாம். ஊர் திரும்பியதும் தத்தம் கோயில் மதிலடியிற் கிடக்கும் கற்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.